நியூட்ரல் இல்லாத பழைய வீட்டில் ஸ்மார்ட் டிம்மர்: வாங்கும் முன் போர்டைத் திறந்து பாருங்கள்

மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் எங்கள் அத்தை வீடு இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர், மரக்கட்டை போட்ட மச்சு, நடுவில் சின்ன முற்றம். இரவில் எழுந்து நடக்கும்போது கூடத்து விளக்கைப் போட்டால் கண் கூசுகிறது, போடாவிட்டால் முற்றத்துப் படி தெரியவில்லை என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். சித்திரைத் திருவிழா சமயத்தில் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் எல்லாம் அந்தக் கூடத்தில்தான் பாய் விரித்துப் படுப்பார்கள், அப்போது இன்னும் சிரமம். சரி, சுவரிலும் போனிலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்மார்ட் டிம்மர் ஒன்றை மாட்டிவிடலாம் என்று வாங்கிக்கொண்டு போனேன். போர்டைத் திறந்தால் உள்ளே இரண்டே வயர். டிம்மர் கேட்டது மூன்று.

அந்த ஒரு விளக்குக்காக நான்கு முறை போய் வந்தேன். அதில் கற்றுக்கொண்டதை, இந்த வேலையை முதல்முறை செய்யப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மல்டிமீட்டரைப் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துப் புரிந்துகொண்டு, உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தாலே பாதித் தவறு நடக்காது.

நியூட்ரல் ஏன் போர்டுக்கு வரவில்லை

சாதாரண சுவிட்ச் செய்கிற வேலை ஃபேஸை, அதாவது கரண்ட் வருகிற வயரை, வெட்டுவதும் சேர்ப்பதும் மட்டும்தான். அதற்கு நியூட்ரல் தேவையே இல்லை. அதனால் பழைய வயர்மேன்கள் ஃபேஸை மட்டும் போர்டுக்கு இறக்கி, சுவிட்ச் வழியாக விளக்குக்கு ஒரு வயரைத் திருப்பி ஏற்றினார்கள். நியூட்ரல் மேலேயே விளக்கிலிருந்து விளக்குக்கு லூப் ஆகிப் போய்விடும். வயரும் மிச்சம், பைப்பில் இடமும் மிச்சம். அன்றைக்கு அது சரியான வேலைதான்.

ஸ்மார்ட் டிம்மர் அப்படி இல்லை. அதற்குள் ரேடியோ இருக்கிறது, சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்துக்கொண்டு போனிலிருந்து வரும் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டும், வந்த கரண்ட் திரும்பிப் போக ஒரு வழியும் வேண்டும். அந்த வழிதான் நியூட்ரல்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. அமெரிக்காவில்கூட 2011-ஆம் ஆண்டின் மின் விதித் தொகுப்பில்தான் விளக்கு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் வர வேண்டும் என்று எழுதினார்கள். அதற்கு முன் கட்டிய வீடுகளில் அங்கும் இதே கதைதான். யூடியூபில் நியூட்ரல் இல்லாத டிம்மர் பற்றித் தேடினால் வருகிற வீடியோக்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வருபவை, அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அங்கே கறுப்பு வயர்தான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். நமக்குக் கறுப்பு நியூட்ரல், சிவப்பு ஃபேஸ், பச்சை எர்த். வீடியோவைப் பார்த்து அப்படியே கை வைத்தால் உயிர் போகும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகனோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த டிம்மரை மாட்டும் முன் அதன் முதுகில் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 120 என்று மட்டும் இருந்தால் அது இங்கே ஆகாது.

மெயினை இறக்கினால் போதாது

இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் மதுரையில் வசதி உள்ள வீடு, இல்லாத வீடு என்று பார்க்காமல் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அதன் லைன் பெரும்பாலும் கூடத்து ஃபேனுக்கும் விளக்குகளுக்கும்தான் போகும். அதாவது நாம் கை வைக்கப்போகிற அதே லைன். இ.பி. மெயினை இறக்கினால் இன்வெர்ட்டர் என்ன செய்யும்? கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அனுப்ப ஆரம்பித்துவிடும்.

அத்தை வீட்டில் எனக்கு அதுதான் நடந்தது. இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு வந்து போர்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன். வயரில் டெஸ்டரை வைத்தால் எரிகிறது. நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் கவனிக்கவில்லை, வீட்டில் இருந்த நான்கு பேரும் கவனிக்கவில்லை. டெஸ்டர் வைக்காமல் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

ஆகவே மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டரை அதன் முன்பக்கச் சுவிட்சில் அணையுங்கள், பிறகு அதிலிருந்து வீட்டுக்குப் போகும் அவுட்புட்டையும் பிரித்துவிடுங்கள். பழைய பீங்கான் பியூஸ் கட்டை இருக்கிற வீடு என்றால் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், அப்போதுதான் வேறு யாரும் சொருக முடியாது. வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். மல்டிமீட்டரை 750 வோல்ட் ஏ.சி.யில் வைத்து, கரண்ட் இருக்கிறதென்று தெரிந்த ஓர் இடத்தில் அது வேலை செய்கிறதா என்று மெயினை இறக்கும் முன்பே பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அணைத்த பிறகு நம் போர்டில் வைத்துப் பாருங்கள். நியான் டெஸ்டரை மட்டும் நம்ப வேண்டாம். பகல் வெளிச்சத்தில் அதன் மினுக்கல் கண்ணுக்குப் படாமல் போகும். பக்கத்து வயரின் தூண்டலில் வருகிற பொய் வோல்ட்டுக்கும் அது எரியும்.

பழைய வீடுகளில் இன்னொன்று பார்த்திருக்கிறேன். மெயினில் ஃபேஸுக்கு ஒரு பியூஸ் கட்டை, நியூட்ரலுக்கு ஒரு பியூஸ் கட்டை என்று இரண்டு இருக்கும். நியூட்ரல் பியூஸ் மட்டும் எரிந்துபோனால் வீட்டில் எதுவும் எரியாது, ஆனால் வயரெல்லாம் ஷாக் அடிக்கும். அப்படி இருந்தால் டிம்மர் வேலையை ஓரமாக வைத்துவிட்டு, நியூட்ரல் பக்கத்து பியூஸை எடுத்து நேரடி லிங்க் போடச் சொல்லுங்கள். அந்தச் செலவு முதலில் ஆக வேண்டிய செலவு.

போர்டுக்குள் என்ன இருக்கிறது

சன்மைக்கா ஷீட்டை நான்கு ஸ்க்ரூவும் கழற்றி மெதுவாக முன்னால் இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பழைய வயர் ஒடியும். அத்தை வீட்டுப் போர்டுக்குள் ஒரு மூலையில் காய்ந்த குளவிக் கூடு இருந்தது, பல்லி முட்டை ஓடு இருந்தது. சிவப்பு எது கறுப்பு எது என்று பிரிக்க முடியாமல் எல்லா வயரும் ஒரே பழுப்பாக மாறியிருந்தது. நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. எதையும் பிரிக்கும் முன் போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். துணி டேப்பில் சின்னச் சின்னத் துண்டு வெட்டி வயர்களில் ஒட்டி 1, 2, 3 என்று எண் போடுங்கள்.

இப்போது பாருங்கள், அந்தப் போர்டில் பிளக் பாயின்ட் இருக்கிறதா? இருந்தால் அங்கே நியூட்ரல் இருக்கிறது. பிளக்கில் ஒரு துளை ஃபேஸ், ஒரு துளை நியூட்ரல், இதில் சந்தேகமே இல்லை. நம் ஊரில் விளக்கு, ஃபேன், பிளக் எல்லாவற்றையும் ஒரே போர்டில் வைக்கிற வழக்கம் இருப்பதால், "நியூட்ரல் இல்லை" என்று பயப்படுகிற பல வீடுகளில் அது சுவிட்சுக்கு நான்கு விரற்கடை தள்ளி உட்கார்ந்திருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் இருக்கிற போர்டில்தான் உண்மையான சிக்கல்: மாடிப்படி, குளியலறை வெளிச்சுவர், கட்டில் தலைமாட்டு சுவிட்ச், திண்ணை விளக்கு. அத்தை வீட்டுக் கூடத்தில் பிளக் எதிர்ச்சுவரில் தனிப் போர்டில் இருந்தது.

பிளக் இருக்கிறது என்றாலும் உடனே அந்த நியூட்ரலை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். விளக்கு இன்வெர்ட்டர் லைனிலும் பிளக் இ.பி. லைனிலும் இருக்கலாம். அதைச் சோதிக்க ஒரு ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு மாட்டி இரண்டு வயர் விட்ட டெஸ்ட் லேம்ப் போதும். விளக்கு சுவிட்சுக்கு வரும் ஃபேஸுக்கும் பிளக்கின் நியூட்ரலுக்கும் இடையே அதைப் பொருத்துங்கள், பொருத்தும்போது எல்லாம் அணைந்திருக்க வேண்டும். பிறகு இ.பி.யில் ஒருமுறை எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து மெயினை இறக்கி இன்வெர்ட்டரில் ஒருமுறை. இரண்டிலும் முழு வெளிச்சத்தோடு எரிந்து, ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து இணைப்பை வெட்டும் சுவிட்ச்) இருந்தால் அதுவும் விழாமல் இருந்தால் அந்த நியூட்ரல் நம் விளக்குக்கு உரியதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் வயர்மேனிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றில் எரிந்து இன்னொன்றில் எரியவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள். வேறு சர்க்யூட்டின் நியூட்ரலைக் கடன் வாங்கினால், பின்னால் ஒருநாள் அந்தச் சர்க்யூட்டை அணைத்துவிட்டு நம்பிக்கையோடு கை வைக்கிற வயர்மேனுக்கு ஷாக் அடிக்கும்.

மீட்டர் இருக்கும்போது குண்டு பல்பு எதற்கு என்று கேட்கலாம். எங்கும் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கிற வயரிலும் மீட்டர் 80, 100 என்று ஏதாவது காட்டும். பல்பு எரிய உண்மையான கரண்ட் வேண்டும், அதனால் அது ஏமாறாது.

இன்னொரு சோதனையும் கண்டிப்பாகச் செய்யுங்கள். விளக்கைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, மெயினைப் போட்டு, ஹோல்டரின் இரண்டு முனைகளையும் டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். எரியக் கூடாது. எரிந்தால் அந்தச் சுவிட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை வெட்டிக்கொண்டிருக்கிறது. பழைய வீட்டில் இது அபூர்வம் இல்லை. அதைச் சரிசெய்யாமல் டிம்மர் மாட்டக் கூடாது.

வயரைத் தொட்டதும் மேலுறை பொடிப்பொடியாக உதிர்கிறதா? ரப்பரும் துணியும் சுற்றிய பழைய வயர் அது. போர்டை மூடிவிட்டு வயரிங்கையே மாற்றுவது பற்றிப் பேசுங்கள். வெள்ளி நிறத்தில் அலுமினியம் தெரிந்தால் அதைச் செம்புக் கம்பியோடு முறுக்கிச் சேர்க்க வேண்டாம். நாளாக ஆக இணைப்பில் பொருக்குப் படிந்து சூடேறும். இரண்டுக்கும் ஏற்ற கனெக்டர் போட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

எர்த்தில் கொடுக்கலாம் என்பார்கள், கூடாது

இரண்டாவது முறை போனபோது ஒரு வயர்மேனை அழைத்துப் போயிருந்தேன். வேலை தெரிந்தவர்தான். போர்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, நியூட்ரல் இழுக்கல்லாம் நேரமாகும். எர்த்துல குடுத்துட்டா சூப்பரா ஓடும், நான் எத்தனை வீட்டுல குடுத்திருக்கேன்" என்றார். ஓடும், உண்மைதான். ஆனால் வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டேன்.

காரணம் இதுதான். எர்த் கம்பி என்பது ஏதாவது கசிந்தால் மட்டும் கரண்ட் போக வேண்டிய வழி. அதில் எப்போதும் கரண்டை ஓட விட்டு, மண்ணில் பதித்த இடத்தில் கம்பி துருப்பிடித்து அறுந்துபோனால், அதோடு சேர்ந்திருக்கிற ஃப்ரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாவற்றின் உடம்பிலும் வோல்ட் ஏறி நிற்கும். கோடையில் மண் காய்ந்து எர்த் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்தானே. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எர்த்தில் போகிற கரண்ட் அதற்குக் கசிவாகத் தெரியும். அடிக்கடி விழலாம். விழுகிறது என்று யாராவது ஆர்.சி.சி.பி.யைப் பைபாஸ் செய்துவிடுவார்கள். அங்கேதான் உண்மையான ஆபத்து ஆரம்பிக்கிறது.

நிஜமாகவே நியூட்ரல் இல்லை என்றால்

என் கருத்தில் முதல் வழி, நியூட்ரலை இழுத்து இறக்குவதுதான். பைப் வயரிங் என்றால் பழைய வயரைக் கழற்றும் முன், வயர் இழுக்கிற ஸ்பிரிங்கை உள்ளே விட்டுப் பாருங்கள். பைப்பில் இடம் இருந்தால் மேலே விளக்கின் நியூட்ரலிலிருந்து 1 ஸ்கொயர் எம்.எம். கறுப்பு வயர் ஒன்றைப் போர்டுவரை இறக்கிவிடலாம், ஒரு மணி நேர வேலை. மரக் கேசிங் கேப்பிங் இருக்கிற வீடு இன்னும் சுலபம், மேல் பட்டியைக் கழற்றினால் உள்ளே பள்ளத்தில் இன்னொரு வயர் படுக்க இடம் இருக்கும். சுண்ணாம்புச் சுவரை வெட்டிப் பைப் பதிக்கிற யோசனை மட்டும் வேண்டாம். அத்தை வீட்டில் ஆணி அடித்தாலே உள்ளங்கை அளவுக்குப் பொரிந்து விழுகிறது. வெட்டினால் அந்தச் சுவர் முழுக்கப் பூச வேண்டியிருக்கும். சின்ன பி.வி.சி. பட்டியை மூலையை ஒட்டி ஓட்டி வெள்ளை அடித்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது.

இரண்டாவது, நியூட்ரல் தேவைப்படாத டிம்மர். அத்தை வீட்டில் பைப் எங்கோ நடுவில் அடைத்துக்கொண்டு ஸ்பிரிங் போகவே இல்லை, அதனால் இதைத்தான் போட்டேன். இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பின்னால் வருகிற எல்லாத் தொல்லையும் ஏன் வருகிறது என்று விளங்கிவிடும். இந்த டிம்மர் விளக்கோடு வரிசையாக நிற்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போதும் மிகக் கொஞ்சமாகக் கரண்டை விளக்கு வழியாகவே கசிய விட்டு, அதில் தன் வயிற்றைக் கழுவிக்கொள்கிறது. விளக்கு முழுதாக எரியும்போதும் ஒவ்வொரு அலையிலும் ஒரு சின்னத் துண்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், அதனால் வெளிச்சம் நேரடிச் சுவிட்சில் வருவதைவிட ஒரு பிடி குறைவாக இருக்கும்.

குண்டு பல்பு காலத்தில் இதில் பிரச்சினையே இல்லை. 60 வாட் பல்பில் சுமார் 260 மில்லி ஆம்பியர் ஓடும், அதில் துளிக் கசிவு எதையும் செய்யாது. இப்போது மாட்டுகிற 9 வாட் எல்.இ.டி.யில் ஓடுவதே 40, 50 மில்லி ஆம்பியர்தான். டிம்மர் கசிய விடும் துளியே அதன் வயிற்றில் சேர்ந்து சேர்ந்து, அணைத்த பிறகும் மின்மினிப் பூச்சி மாதிரி விட்டுவிட்டு மினுக்கும், அல்லது மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். சில சமயம் டிம்மருக்கே பசி தீராமல் அடிக்கடி ஆஃப் ஆகி ஆன் ஆகும்.

இதற்குத்தான் பெட்டியில் குறைந்தபட்ச லோடு என்று போட்டிருப்பார்கள். 10 வாட், 20 வாட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவு. ஒரே சுவிட்சில் எரியும் விளக்குகள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். 7 வாட் விளக்கு ஐந்து என்றால் 35 வாட், தாராளம். 9 வாட் ஒன்றே ஒன்று என்றால் போதாது, பைபாஸ் வேண்டும். பைபாஸ் என்பது தீப்பெட்டி அளவுக்கும் சின்னதான ஒரு பொருள், இரண்டு வயர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டிம்மரின் கசிவை விளக்குக்குள் போக விடாமல் தன் வழியாகத் திருப்பிவிடும். டிம்மர் கம்பெனி சொல்கிற பைபாஸையே வாங்குங்கள். கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு ஃபேன் கெபாசிட்டரை அந்த இடத்தில் போடாதீர்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, நிறையப் பேர் யோசிப்பதில்லை. நியூட்ரல் மேலே இருக்கிறதல்லவா, டிம்மர் மாட்யூலையே மேலே கொண்டுபோய்விடலாம். கீழே சுவிட்சில் இருக்கும் இரண்டு வயரையும் கனெக்டரில் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால் மேலே எப்போதும் ஃபேஸ் இருக்கும். சீலிங் ரோஸ் (மச்சில் விளக்கு வயர் வந்து சேரும் வட்ட மூடி) பக்கத்தில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து அதற்குள் மாட்யூல், பழைய சுவிட்ச் இருந்த இடத்தில் பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பட்டன். வெளிச்சம் ஒழுங்காக வரும், மினுக்கல் இருக்காது. மச்சு ரொம்ப உயரம் என்றால் பழுது பார்க்க ஏணி வேண்டும், அவ்வளவுதான் குறை.

வாடகை வீட்டில் இருக்கிறீர்களா? எதையும் கழற்றாதீர்கள். வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் பல்பு ஒன்றை வாங்கி மாட்டி, சுவிட்சை எப்போதும் ஆனில் விட்டுவிடுங்கள். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

பல்பைப் பற்றி ஒரு வார்த்தை

எல்லா எல்.இ.டி.யும் டிம் ஆகாது. கடையில் சும்மா கேட்டு வாங்கினால் கைக்கு வருவது பெரும்பாலும் டிம் ஆகாத பல்புதான். டிம்மபிள் என்று அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும், கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. டியூப்லைட், சோக் வைத்ததோ எல்.இ.டி.யோ, சாதாரணமாகக் கிடைப்பவை எதையும் டிம்மரில் போட வேண்டாம். ஃபேனுக்கு விளக்கு டிம்மரைக் கொடுக்கவே கூடாது, மோட்டார் உறுமும், சூடாகும்.

டிம்மரிலும் இரண்டு ரகம். ஒரு விநாடிக்கு 50 அலை என்றால் 100 அரை அலை. அந்த ஒவ்வொன்றிலும் ஒரு பகுதியை வெட்டித்தான் டிம்மர் வெளிச்சத்தைக் குறைக்கிறது. பழைய ரகம் அலையின் முன்பக்கத்தை வெட்டும், அது குண்டு பல்புக்கென்று வந்தது. புதியது பின்பக்கத்தை வெட்டும், ஆங்கிலத்தில் டிரெய்லிங் எட்ஜ் என்பார்கள். எல்.இ.டி.க்கு இதுதான் பெரும்பாலும் ஒத்துப்போகும், இரைச்சலும் குறைவு. உங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவா ஸ்கொயர் வேவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கொயர் வேவ் என்றால், அலை பூஜ்யத்தைத் தொடும் இடத்தை வைத்துக் கணக்குப் போடும் டிம்மர் தடுமாறும், கரண்ட் போன நேரமெல்லாம் விளக்கு துடிக்கும். அந்த வீட்டுக்கு ஸ்மார்ட் பல்புதான் நல்லது என்று நினைக்கிறேன்.

மாட்டுவது

தயாரிப்பு சரியாக இருந்தால் இது அரை மணி நேர வேலை. மெயின், இன்வெர்ட்டர் இரண்டும் அணைந்திருக்கின்றன, மீட்டரில் பூஜ்யம் பார்த்தாயிற்று. பழைய சுவிட்சின் இரண்டு வயரில் எது ஃபேஸ், எது விளக்குக்குப் போவது என்று எண் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஃபேஸ் டிம்மரில் எல் என்று போட்ட முனைக்கு. விளக்குக்குப் போவது அவுட் என்றோ அம்புக்குறியோடோ இருக்கும் முனைக்கு. நியூட்ரல் இழுத்திருந்தால் அது என் என்ற முனைக்கு, இழுக்காத வகை என்றால் அதன் காகிதத்தில் போட்டிருக்கிற படத்தையே பாருங்கள். சில டிம்மர்களில் அந்த முனையைக் காலியாக விட வேண்டும், சிலவற்றில் வேறு முனையோடு சேர்க்க வேண்டும். இதை ஊகித்துச் செய்யாதீர்கள்.

வயர் முனையில் முக்கால் சென்டிமீட்டர் மட்டும் உரியுங்கள். பல்லால் கடித்து உரிக்காமல் ஸ்ட்ரிப்பரால் உரித்தால் இழை அறாது. முறுக்கி, முனைக்குள் முழுதாகச் செருகி, ஸ்க்ரூவை இறுக்கி, பிறகு வயரைப் பிடித்து ஓர் இழு இழுத்துப் பாருங்கள். செம்பு வெளியே தெரியக் கூடாது. மாட்யூலைப் போர்டுக்குள் வைக்கும்போது வயர்களை அதன்மேல் திணித்து அமுக்க வேண்டாம். டிம்மர் சூடாகும் பொருள், சுற்றிக் காற்று வேண்டும். இந்த விஷயத்தில் பழைய மரப்பெட்டி நல்லது, உள்ளே தாராளமாக இடம் இருக்கும். சுவரில் பதித்த புது மாடுலர் பெட்டி என்றால் ஆழத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பைபாஸ் போர்டில் வராது. மேலே விளக்கின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, அதாவது சுவிட்சிலிருந்து வரும் வயருக்கும் நியூட்ரலுக்கும் இடையே வர வேண்டும். அத்தை வீட்டில் ஏணி போட்டு சீலிங் ரோஸின் மூடியைத் திருகி எடுத்து, அந்த இரண்டு ஸ்க்ரூவிலேயே பைபாஸின் இரண்டு கால்களையும் சேர்த்து இறுக்கி, மூடியை மறுபடி திருகினேன். உள்ளே அடங்கிவிட்டது. ஒரே சுவிட்சில் பல விளக்கு இருந்தால் ஏதாவது ஒன்றில் போட்டால் போதும்.

மாடிப்படி விளக்கு, கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று இருந்தால் இரண்டு இடத்திலும் டிம்மர் போட முடியாது. ஓர் இடத்தில் டிம்மர், இன்னோர் இடத்தில் வயரை நேராக இணைத்துவிட்டு வயர்லெஸ் பட்டன். இந்த வேலையில் மூன்று மூன்று வயர் வருவதால் புதிதாகச் செய்பவர்கள் வயர்மேனிடமே விட்டுவிடுங்கள்.

மெயினைப் போட்ட பிறகு

ஷீட்டை மாட்டி ஸ்க்ரூ போட்ட பிறகுதான் மெயினை ஏற்ற வேண்டும். முதலில் சுவரிலேயே அமுக்கி எரிகிறதா, கூடிக் குறைகிறதா என்று பாருங்கள். போன் அப்புறம். பெரும்பாலான வைஃபை டிம்மர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் சேரும், 5-இல் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி வைஃபை வருவதும் கஷ்டம், ரூட்டரைக் கூடத்தின் பக்கம் நகர்த்த வேண்டியிருக்கலாம். அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். ஜிக்பீ (வைஃபைக்குப் பதிலான இன்னொரு ரேடியோ முறை) வகை என்றால் அதைப் போனோடு சேர்க்கத் தனியாக ஹப் ஒன்று வாங்க வேண்டும், ஆனால் அது குடிக்கிற கரண்ட் குறைவு என்பதால் நியூட்ரல் இல்லாத இடத்துக்கு ஒத்துப்போகும்.

ஆப்பில் இரண்டு விஷயத்தைத் தேடிப் பிடித்து மாற்றுங்கள். ஒன்று, குறைந்தபட்ச வெளிச்சம். மெதுவாகக் குறைத்துக்கொண்டே வந்து, விளக்கு துடிக்க ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்துங்கள். அத்தை வீட்டில் அது 18 சதவீதத்தில் நின்றது. இரண்டு, கரண்ட் போய் வந்தால் விளக்கு என்ன நிலையில் இருக்க வேண்டும் என்பது. இதை ஆஃப் என்று வைக்காவிட்டால் இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வரும்போது கூடம் முழுக்க வெளிச்சம் அடித்து எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் எரிய விட்டு ஷீட்டின்மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு இருக்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து மெயினை இறக்கி ஸ்க்ரூக்களை இன்னொரு முறை இறுக்குங்கள், பல இழை வயர் கொஞ்சம் அமுங்கித் தளர்ந்திருக்கும்.

போர்டை மூடும் முன் ஒரு சின்னக் காகிதத்தில் எந்த எண் எந்த வயர், நியூட்ரல் எங்கிருந்து வந்தது அல்லது வரவில்லை, பைபாஸ் மேலே சீலிங் ரோஸில் இருக்கிறது, இன்வெர்ட்டர் லைன், மாட்டிய தேதி எல்லாவற்றையும் எழுதி ஷீட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அத்தை வீட்டில் பால்பாயின்ட் பேனாவால் எழுதி மேலே டேப் ஒட்டியிருக்கிறேன். கூடவே பெரிய எழுத்தில் "இன்வெர்ட்டரையும் அணைக்கவும்" என்று ஷீட்டின் வெளிப்பக்கமும் ஒட்டியிருக்கிறேன்.